ரஞ்சிதா எழுதிய இரண்டு டிரைவர்கள்

எங்கள் கம்பெனியின் பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் ஒரு வீட்டு மாடி, அவ்வளவுதான். கீழே வீட்டுக்காரர் குடும்பம், மேலே நாங்கள் சில பேர். பாலைப் பரிசோதிக்கும் பெட்டி செய்கிறோம். கிராமத்துப் பால் சங்கத்தில் ஊற்ற வருகிற பாலில் ஒரு குவளை எடுத்துப் பெட்டியின் குழாய்க்கு அடியில் வைத்தால், கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு என்று கம்ப்யூட்டர் திரையில் காட்டும். பெட்டியைச் செய்கிறவர் முதலாளி சந்திரசேகர். அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் மாட்டுகிறவன் ஆத்மநாதனாகிய நான். பெட்டி பேசுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிறவள் ரஞ்சிதா. என் தங்கையைவிடச் சின்னவள் என்பதால் அவள் என்றே எழுதுகிறேன், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. சொல்லும்போது கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரஞ்சிதாவின் அப்பா டவுன் பஸ் டிரைவர். புதுக்கோட்டையில் அரசுப் பள்ளியில் படித்து, திருச்சியில் பொறியியல் முடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள். கேமராக்களுக்கு டிரைவர் எழுதும் வேலை. கல்யாணம் ஆனது உள்ளூரில். கணவர் ராசு இங்கே பள்ளி ஆசிரியர். மகள் இளமதியும் இங்கேதான். அதனால் ரஞ்சிதா வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வருவாள், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போவாள். ஞாயிறு சாயங்காலம் ஆனால் இளமதி அம்மாவின் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி ஒளித்துவைப்பாளாம். இதை ரஞ்சிதா சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சந்திரசேகர் திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்துக்காரர். அவருடைய அண்ணன் தம்பிகளெல்லாம் வெளியூர்களில் கடை கண்ணி என்று இருக்க, இவர் மட்டும் சாலிடரிங் பற்றவைப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரோடு தங்கிவிட்டார். பெட்டியைச் செய்து முடித்துவிட்டார், ஆனால் அது பேசுவது எந்தக் கம்ப்யூட்டருக்கும் விளங்கவில்லை. யாரோ சொல்லி ரஞ்சிதாவைத் தேடிப் பிடித்தார். அவளும் சென்னை ஆபீசில் நீண்ட விடுப்பு போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். நிபந்தனை வெளிப்படையானது. பால் ஒன்றியம் எங்கள் பெட்டியைச் சில சங்கங்களில் ஓட்டிப் பார்க்கும். பிடித்திருந்தால் வட்டாரம் முழுக்க அதுதான், ரஞ்சிதாவுக்கு இங்கேயே வேலை. பிடிக்கவில்லை என்றால் அவளை வைத்துக்கொள்ள முதலாளியால் முடியாது. திரும்பவும் ஞாயிற்றுக்கிழமை பஸ்தான்.

டிரைவர் என்றால் என்ன என்று இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் விளங்காது. மவுஸையோ பென் டிரைவையோ யுஎஸ்பி துளையில் சொருகினால் கம்ப்யூட்டருக்கு உடனே அடையாளம் தெரிகிறது. ஏற்கெனவே பழகிய முகங்கள். எங்கள் பெட்டி அதற்குப் புது ஆள். அது என்ன சொல்கிறது என்று விளக்க ஒரு புரோகிராம் வேண்டும், அதுதான் டிரைவர். அதை இரண்டு இடத்தில் வைக்கலாம். ஒன்று, கர்னலுக்குள்ளே. நினைவகம், திரை, டிஸ்க் என்று மொத்தக் கம்ப்யூட்டரையும் கட்டி மேய்க்கிற நடு இடம் அது. மற்றொன்று, அதற்கு வெளியே, சாதாரணப் புரோகிராம்கள் ஓடுகிற இடத்தில். அதற்கு யூசர் ஸ்பேஸ் என்று பெயர். கர்னலில் எழுதுவது கஷ்டம், அதனால் அதற்கு மவுசு அதிகம். இதெல்லாம் ரஞ்சிதா சொல்லி நான் தெரிந்துகொண்டவை.

எங்கே வைப்பது என்பதில் முதலாளிக்குத் தயக்கமே இல்லை. "கர்னல்லதாம்மா எழுதணும். கேமராவுக்கே கர்னல்ல எழுதுன ஆளு நம்மகிட்ட இருக்கு. நோட்டீஸ்ல பெருசாப் போட்டுருவோம்" என்றார்.

ரஞ்சிதாவுக்கும் அது பழகிய பாதை. எழுதினாள். அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள் என்று அவள் அனுப்பியதைப் பார்த்த சென்னை ஆபீஸ்காரர்களே போன் போட்டுப் பாராட்டினார்கள். நான் அதைச் சங்கங்களில் மாட்டிவிட்டு வந்தேன். கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு நார்த்தாமலைக்குப் போகிற வழியில் உள்ள ஒரு சங்கத்திலிருந்து காலையிலேயே போன். அங்கே செயலாளர் சுகுணா. சுறுசுறுப்பான பெண், ஆனால் ஒயர் விஷயத்தில் மட்டும் அவளை நம்ப முடியாது.

"அண்ணே, கம்ப்யூட்டரு அப்புடியே நின்னு போச்சு. மவுசும் நகர மாட்டேங்குது, மணியும் ஓட மாட்டேங்குது. எல்லாரும் கேனோட நிக்கிறாங்க, சீக்கிரம் வாங்க" என்றாள்.

போய்ப் பார்த்தால், பால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளையில் தன் செல்போனைச் சார்ஜுக்குப் போட்டிருக்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்குள் பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்து ஊரைக் கூட்டிவிட்டார்.

இதைக் கேட்ட ரஞ்சிதா மறுநாள் காலையில் என் வண்டிக்குப் பின்னாலேயே ஸ்கூட்டியில் வந்து நின்றாள். ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பால் ஊற்றுவதைப் பார்த்தாள். சுகுணா அவள் கண் முன்னாலேயே மறுபடியும் பிடுங்கினாள்.

"இதுல சார்ஜு நல்லா ஏறுதுக்கா" என்று விளக்கம் வேறு.

நான் வாயைத் திறப்பதற்குள் ரஞ்சிதா என்னை நிறுத்தினாள். "திட்டாதீங்கண்ணே. அவங்க புடுங்கத்தான் செய்வாங்க. புடுங்குனா நிக்காத மாதிரி எழுதாதது நானு."

சாயங்காலத்துக்குள் தப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் டிரைவரின் ஒரு பகுதி, பெட்டி இன்னும் இருப்பதாக நினைத்துக்கொண்டு, நினைவகத்தில் அதற்கென ஒதுக்கிய இடத்தைத் தேடிப் போயிருக்கிறது. அந்த இடத்தைக் கர்னல் அப்போதே வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டது. இரண்டும் மோதி எல்லாம் நின்றுவிட்டது. திருத்திக் கொடுத்தாள். முதலாளி வீட்டுக்காரரிடம் சொல்லிக் கீழேயிருந்து காபி வரவழைத்தார். காபியைக் குடித்துவிட்டு ரஞ்சிதா, "சார், இதை எடுத்துட்டு வெளியில எழுதப் போறேன். யூசர் ஸ்பேஸ்ல" என்றாள்.

முதலாளிக்கு முகமே மாறிப்போனது. "அதான் திருத்திட்டியேம்மா. ஓடுறத எதுக்குக் கலைக்கிற?"

"இந்தத் தப்பு தெரிஞ்சுச்சு, திருத்திட்டேன் சார். தெரியாத தப்பு இன்னும் என்னென்ன இருக்கோ. அது கர்னலுக்குள்ள இருந்தா மொத்தக் கம்ப்யூட்டரையும் சாய்ச்சுப்புடும். வெளியில இருந்தா அந்தப் புரோகிராம் மட்டும் விழும். விழுந்தா ஒடனே எழுப்பிவிட ஏற்பாடு இருக்கு. பால் ஊத்துறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"வேகம் கொறையுமே?"

"கொறையும் சார், இல்லேங்கல. ஒரு குவளைப் பாலப் பாக்க நம்ம பெட்டிக்கு அரை நிமிஷம் ஆகுது. அதுல கண்ணு சிமிட்டுற நேரத்துல துளியூண்டு மிச்சம் புடிச்சு யாருக்குக் குடுக்கப் போறோம்? கேமரான்னா வேற. அங்க படம் படமா வந்து கொட்டும், கர்னல்தான் சரி. இது பாலு."

இன்னொன்றையும் சொன்னாள். கம்ப்யூட்டர் தானாக அப்டேட் ஆகிக் கர்னல் மாறும்போதெல்லாம், உள்ளே வைத்த டிரைவரை அதற்கேற்ற மாதிரி மறுபடி செய்து மாட்ட வேண்டும். அந்தக் கஷ்டம் என்னுடையது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவன் நான்தான். வெளியே எழுதினால் அந்தத் தொல்லை இல்லை என்றதும் நான் அவள் கட்சிக்குத் தாவிவிட்டேன். முதலாளி என்னை முறைத்தார்.

"ஒன்றியத்துல இன்ஜினியரு கேப்பாரு. யூசர் ஸ்பேஸுன்னு சொன்னா, கத்துக்குட்டி வேலைன்னு நெனைச்சுருவாரும்மா. போறது ஒன் வேலையும்தான்" என்றார்.

"நெனைக்கட்டும் சார். பால் நிக்கக் கூடாது" என்றாள் ரஞ்சிதா.

கடைசியில் ஒரு உடன்படிக்கை ஆனது. முதலாளியின் சொந்த ஊர்ச் சங்கத்தில் மட்டும் பழைய கர்னல் டிரைவர், திருத்திய வடிவில், அப்படியே இருக்கும். அங்கே அப்டேட் ஆகாமல் நிறுத்தி வைத்துக்கொள்வார். யாராவது கேட்டால் காட்டுவதற்கு. மற்ற இடங்களுக்கெல்லாம் புதிது.

புதிதை எழுதி முடித்த அன்று ஓட்டிப் பார்த்தோம். பெட்டியைத் தொடவே அனுமதி இல்லை என்று திரையில் விழுந்தது. "என்னம்மா, ஒம் பெட்டியே ஒன்னைய உள்ள விட மாட்டேங்குது?" என்று கேலி செய்தேன். சாதாரணப் புரோகிராம் எதற்கும் கர்னல் அப்படி எடுத்த எடுப்பில் கருவியைத் தொட விடாது, இந்தப் பெட்டிக்கு மட்டும் விடு என்று ஒரு விதி எழுதிவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து எழுதினாள். பிறகு ஒயரை என் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, இஷ்டத்துக்குப் புடுங்குங்க."

சுகுணா மேல் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துப் பிடுங்கினேன். 'கருவியைக் காணோம்' என்று தமிழில் வந்தது. சொருகினேன். 'கருவி வந்துவிட்டது, பாலை மறுபடி வைக்கவும்' என்றது. பாதியில் அறுந்துபோன அளவை அது எண்ணவே இல்லை, தூக்கிப் போட்டுவிட்டது. வேகமாகப் பிடுங்கினேன், மெதுவாகப் பிடுங்கினேன், பாதி சொருகி ஆட்டினேன். கை வலித்ததுதான் மிச்சம்.

ஒன்றியத்திலிருந்து வந்த இன்ஜினியர் பெயர் சூர்யநாராயணன். அதிகம் பேசமாட்டார். சுகுணாவின் சங்கத்தில் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, முதலாளி பயந்தபடியே கேட்டார். "டிரைவர் கர்னல்ல இருக்கா?"

"இல்லைங்க சார். யூசர் ஸ்பேஸ்" என்றாள் ரஞ்சிதா.

"அப்ப சாதாரணப் புரோகிராம்தானா? ஒரு முழு டிரைவர் எழுத ஆள் இல்லையா ஒங்ககிட்ட?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. இவள் கேமராவுக்கு எழுதினவள் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். ரஞ்சிதா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். "இந்த எடத்துக்கு இதுதாங்க சார் சரி" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

"சரி, ஓட்டிப் பாருங்க. விஜயதசமி அன்னைக்குக் காலையில வாரேன். பாலுக்கு ஏது லீவு. அன்னைக்கு நான் பாக்கும்போது நின்னுச்சுன்னா, பெட்டிய எடுத்துட்டுப் போயிருங்க" என்று சொல்லிப் போனார்.

சென்னை ஆபீசும் அந்த வாரத்துக்குள் பதில் கேட்டிருந்தது. வருகிறாயா, இல்லையா.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. நம்ம ஊரில் அன்றைக்கு எதை விட்டுவைப்பார்கள்? தராசு, சைக்கிள், அரிவாள், கிரைண்டர், பஸ் கண்ணாடி என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும்தான். எங்கள் பெட்டியின் குழாயில் சந்தனம் போனால் அளவு என்ன ஆகும்? எல்லாச் சங்கத்துக்கும் போன் போட்டு, "பெட்டி மேல சந்தனம், குங்குமம் எதுவும் வைக்கக் கூடாது. வச்சீங்க, நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று மிரட்டினேன். எல்லோரும் சரி என்றார்கள். நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் பொரிகடலை தின்றேன்.

விஜயதசமி காலையில் சுகுணாவின் சங்கத்தில் நான், ரஞ்சிதா, இன்ஜினியர். முதலாளி தன் ஊர்ச் சங்கத்தில் இருந்தார். அங்கே நல்ல நாளில் தானே முதல் குவளையை வைக்க வேண்டும் என்று ஆசை. இங்கே வாசலில் வாழைக்கன்று, கம்ப்யூட்டருக்கு மாலை. பெட்டி மட்டும் சொன்ன சொல்படி துடைத்து வைத்தது போல் இருந்தது. சுகுணாவை மனதுக்குள் பாராட்டினேன். கண்ணுசாமி என்பவர் முதல் ஆளாகக் கேனை இறக்கினார். குவளையை வைத்தார்கள்.

'கருவியைக் காணோம்.'

அடுத்த நொடி, 'கருவி வந்துவிட்டது, பாலை மறுபடி வைக்கவும்.' வைத்தார்கள். மறுபடியும் காணோம். மறுபடியும் வந்துவிட்டது. யாரும் ஒயரைத் தொடவில்லை. மேசையில் லேசாகக் கை பட்டாலே போகிறது, தானாக வருகிறது. இன்ஜினியர் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தார். ரஞ்சிதாவின் முகம் வெளுத்துப்போனது.

"சுகுணா, என்னத்தம்மா பண்ணித் தொலைச்ச?" என்றேன்.

"சத்தியமாப் பெட்டியில வைக்கலண்ணே. நீங்கதான் கூடாதுன்னுட்டீங்களே. நல்ல நாளு, ஒரு பொட்டுகூட வைக்காம எப்புடி விடுறது? ஒயரக் கழட்டி அந்தத் தகரத்துல மட்டும் வச்சேன்."

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். அந்தச் சின்ன வாய் நிறையச் சந்தனம், நடுவில் குங்குமம். பக்தி அப்படியே உள்ளே போய்க் காய்ந்தும் காயாமலும் அப்பிக்கிடந்தது. நான் கத்துவதற்கு மூச்சை இழுத்தேன். ரஞ்சிதா என்னைத் தாண்டிக் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, தொடைக்காதீங்க. அப்புடியே சொருகுங்க" என்றாள்.

"ஏம்மா?"

"சொருகுங்கண்ணே. சார் பாக்கட்டும்."

சொருகினேன். போனது, வந்தது. போனது, வந்தது. மவுஸ் நகர்ந்தது, மணி ஓடியது, பால் ஊற்றுகிறவர் பெயரை அடிக்கிற பக்கம் தன் பாட்டுக்கு வேலை செய்தது. இடையில் ஒருமுறை ஒயர் கொஞ்ச நேரம் ஒழுங்காக நின்றபோது கண்ணுசாமியின் பால் அளவு முழுதாக வந்து, சீட்டும் அடித்து விழுந்தது. அடுத்த ஆளுக்கு மறுபடி காணோம், மறுபடி வைக்கவும், பிறகு அளவு. மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆனால் வரிசை நகர்ந்தது. பாதி அளவு ஒன்றுகூடச் சீட்டில் ஏறவில்லை.

"ஏத்தா, இன்னைக்கு அதுவும் நம்மள மாதிரி விரதமா? தள்ளாடுதே" என்று கண்ணுசாமி கேட்க, வரிசையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இன்ஜினியரும் சிரித்தார். பிறகுதான் ரஞ்சிதா என்னைத் துடைக்கச் சொன்னாள். சுத்தமாகத் துடைத்துச் சொருகியதும் பெட்டி எதுவுமே நடக்காத மாதிரி மளமளவென்று பாலைப் பார்க்க ஆரம்பித்தது. பால் வண்டிக்காரர் ஹாரனில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. முதலாளி. குரல் கம்மிப்போயிருந்தது. "ஆத்மநாதா, இங்கிட்டு கம்ப்யூட்டரு மொத்தமா நின்னுபோச்சுப்பா. மணிகூட ஓடல. ரெண்டு தடவை அணைச்சுப் போட்டாச்சு, ஏறி வந்தொடனே திரும்ப நிக்கிது. பிளக்குல சந்தனம் வச்சிருக்கானுவ. கேட்டா, ஆத்மநாதன் அண்ணன் பெட்டியில வைக்காதேன்னுச்சு, அதான் இதுல வச்சோம்ங்கிறானுவ."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. இன்ஜினியர் நிமிர்ந்தார்.

"அங்க என்ன டிரைவர்?"

ரஞ்சிதாதான் பதில் சொன்னாள். "கர்னல் டிரைவருங்க சார். ஒயரைப் புடுங்குனா நிக்கிற தப்பைத் திருத்தியாச்சு. இப்புடி விட்டு விட்டு வந்தா என்ன ஆகும்னு நான் யோசிக்கவே இல்லை. இன்னொரு தப்பு உள்ள இருந்திருக்கு."

"அது யார் எழுதுனது?"

"அதுவும் நான்தாங்க சார்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "கர்னல்ல எழுதத் தெரிஞ்சுமா இப்புடி வெளியில எழுதுனீங்க? அன்னைக்கு நான் கேட்டப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எனக்கு எழுதத் தெரியும்கிறதால இல்லைங்க சார். நானும் தப்பு பண்ணுவேன்னு தெரியும்கிறதாலதான் வெளியில எழுதுனேன்" என்றாள் ரஞ்சிதா.

எத்தனையோ இன்ஜினியர்களைப் பார்த்திருக்கிறேன். தன் வேலையில் தப்பே வராது என்று மார் தட்டுகிறவர்கள்தான் அதிகம். தன் தப்பு ஊர்ப் பாலைத் தடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே இடம் ஒதுக்கிவைத்து எழுதிய ஒருத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் பக்கத்தில் நிற்கவே எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

சூர்யநாராயணன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எல்லாச் சங்கத்துக்கும் இதையே போடுங்க. அந்த ஒரு ஊருலயும் இன்னைக்கே மாத்திருங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். எங்கள் முதலாளி போனில் இன்னும் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். "கேட்டுச்சுப்பா, கேட்டுச்சு. புள்ளைக்கு ஏதாச்சும் இனிப்பு வாங்கிக் குடு" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

ரஞ்சிதா வாசலுக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டாள். ராசுதான் எடுத்திருக்க வேண்டும். என்னங்க, ஆயிருச்சுங்க என்றாள்.

"இளமதிகிட்ட குடுங்க" என்றாள். பிறகு, "அம்மு, அம்மா இனிமே பஸ்ஸுக்குப் போக மாட்டேன்டா" என்றாள்.